மறு உத்தரவு வரும் வரை

பத்து இலக்கங்களில் ஏழாவதைப் படிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மீதி மூன்றைக் கண் படிக்கவில்லை. உதடுதான் தானாகச் சொல்லி முடித்தது. தங்கையின் கைபேசி எண். எட்டு வருடத்துக்கு முன்னால் தங்கைக்கு முதல் வேலை கிடைத்த அன்று, இவளே கடையில் வரிசையில் நின்று, கடைசி மூன்றும் ஒரே இலக்கமாக இருந்தால் அவள் மறக்கமாட்டாள் என்று பொறுக்கி எடுத்துக் கொடுத்த எண். அது இப்போது, காலை பதினொரு மணிக்கு, நீதிமன்ற முத்திரை குத்திய தாளின் இரண்டாம் பக்கத்தில், "கடவுச்சொல் மறந்தால் தொடர்புகொள்ளும் எண்" என்ற கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். கணக்கு தங்கையுடையது அல்ல. தங்கை கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவருடையது. அவர் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த மின்னஞ்சல் முகவரி. இருபத்திரண்டு மாதத்து அஞ்சல்கள் அத்தனையும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எதற்கு என்று அந்தத் தாளில் இருக்காது. இருக்கவும் கூடாது.

அந்த வீட்டில் இரண்டே பெண்கள். இவள் பெரியவள், அவள் சின்னவள். நாற்பது நெருங்கியும் முப்பது கடந்தும் இருவரும் அந்தப் பெயர்களைவிட்டு வெளியே வரவில்லை. சின்னவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அவளுக்குப் பார்த்தவர் நில அளவையாளர். வீட்டில் அவருக்குப் பெயர் சர்வேயர். மூன்று கால் கருவியை நட்டு, ஒரு கண்ணை மூடி, சாலையையும் பாலத்தையும் அளப்பது அவர் தொழில். முதல் முறை வீட்டுக்கு வந்தபோதே சுவர்க் கடிகாரம் சாய்ந்திருக்கிறது என்று எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். "மனுஷன் நம்மளைப் பார்க்க வந்தாரா, வீட்டை அளக்க வந்தாரா?" என்று பெரியவளின் கணவர் அடுப்படியில் வந்து காதோடு கேட்டதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெரியவளுக்கு வேலை ஒரு மின்னஞ்சல் நிறுவனத்தில். மரச்சாமான் கடைக்கு மேலே இரண்டு மாடி. மேல் மாடியின் கோடியில் உத்தரவுப் பிரிவு. மூன்று மேசை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு நாட்காட்டி. அரசாங்கத்துக்கு ஒருவருடைய அஞ்சல்கள் வேண்டுமென்றால் நீதிபதியிடம் கையெழுத்து வாங்கி இங்கே அனுப்புவார்கள். பெரியவள் உத்தரவைச் சரிபார்ப்பாள்: கையெழுத்து இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கணக்குக்காரரிடம் சொல்லக் கூடாது என்ற தடை இருக்கிறதா, இருந்தால் அது எந்த நாளோடு முடிகிறது. எல்லாம் சரியாக இருந்தால் கணினியில் எண்ணைப் போடுவாள். அஞ்சல்கள் பூட்டிய பொட்டலமாக அவர்களுக்குப் போகும். உள்ளே என்ன என்று அவள் பார்க்க முடியாது; எத்தனை என்பது மட்டும் திரையில் வரும். பிறகு நாட்காட்டியில் தடை முடியும் நாளைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் கோப்பு எண். அந்த நாள் முடிந்து அடுத்த வேலை நாளில், கணக்குக்காரருக்குக் கடிதம் போயாக வேண்டும். இன்ன நாளில் உங்கள் கணக்கிலிருந்து இன்னின்னவை எடுக்கப்பட்டன, இதுவரை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை, இன்றிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் நீங்கள் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம்.

கடிதம் கிடைத்தவர்கள் தொலைபேசியில் கத்துவார்கள், சிலர் அழுவார்கள். ஒருவர் மட்டும், "மேடம், என் பழைய போட்டோ எல்லாம் அழிஞ்சு போச்சு. அவங்ககிட்ட ஒரு காப்பி இருக்குமே, கேட்டா தருவாங்களா?" என்று கேட்டார்.

பிரிவின் மேலாளர் ஐம்பத்தைந்து வயதுப் பெண் வழக்கறிஞர். முடிவுத் தேதி போடாத தடையுத்தரவு எதையும் வாசல்படி தாண்ட விடமாட்டார் என்பதால் 'முற்றுப்புள்ளி' என்று ஊழியர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும், கோபமில்லை. "வாயை மூடுன்னு சொல்ல கவர்மெண்டுக்கு உரிமை இருக்கு. எப்பத் திறக்கலாம்னு சொல்லாம மூடச் சொல்ல உரிமை இல்லை" என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார். மூன்றாவது மேசைக்காரருக்கு 'அவசரம்' என்று பெயர். எந்தக் கோப்பு வந்தாலும் மேலே சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

பெரியவள் உத்தரவை மூன்றாம் முறை படித்தாள். அலுவலக விதி ஒன்று இருந்தது: உறவினர் கணக்கு வந்தால் மேலாளரிடம் எழுத்தில் சொல்லிவிட்டுக் கோப்பிலிருந்து விலக வேண்டும். உத்தரவின் நான்காம் பத்தி வேறு சொன்னது: இதை நிறைவேற்றத் தேவைப்படும் நபரைத் தவிர வேறு எவரிடமும் இதைப் பற்றி எதையும் வெளியிடக் கூடாது, மீறினால் சிறை. நிறைவேற்ற யார் தேவை? எண்ணைப் போட ஒரு ஆள். அது தான்தான். மேலாளர் தேவையா? இல்லை. மேலாளரிடம் 'இது என் உறவு' என்றால் அது 'எதையும்' என்பதில் அடங்குமா? அடங்கும். பதினோரு வருடமாக உத்தரவுகளை ஒரு சொல் விடாமல் படித்துப் படித்து, அவள் மூளை அப்படித்தான் வேலை செய்தது. வேறு யாராக இருந்தாலும் எழுந்து போய்ச் சொல்லியிருப்பார்கள். இவள் எண்ணைப் போட்டாள். திரையில் 2,318 என்று வந்தது.

அதில் எத்தனை சின்னவளுடையவை? அவளும் சர்வேயரும் போனில் பேசினால் சண்டை வந்துவிடும். "எழுதினா வரமாட்டேங்குதுக்கா, அதனால எழுதறோம்" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம், மூன்று பக்கம். பெரியவள் பொட்டலத்தை அனுப்பினாள். தொண்ணூறு நாள் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள். வட்டம் கோணலாக வந்தது.

மத்தியானம் சின்னவளிடமிருந்து படம் வந்தது. கல்யாண அழைப்பிதழ், இரண்டு நிறத்தில். எது நல்லாருக்கு என்று கேட்டிருந்தாள். கல்யாணம் அந்த வெள்ளிக்கிழமைக்கு மூன்று வாரம் பின்னால்.

*

தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது பெரியவளுக்குப் பழக்கம்தான். வீட்டுக்கு வந்தால் அலுவலகப் பேச்சே எடுக்கமாட்டாள். ஆனால் இதுவரை அவள் மறைத்ததெல்லாம் முகம் தெரியாதவர்களுடையது. இப்போது மறைக்க வேண்டியவளோ, வாரத்துக்கு மூன்று முறை வந்து சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, மண்டபம், புடவை, வாடகைக்குப் பார்த்த புது வீடு என்று பேசிக்கொண்டிருந்தாள்.

சர்வேயரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். அவர் முகத்தைப் பெரியவள் இப்போது வேறு மாதிரி பார்த்தாள். புதிதாக எதுவும் அந்த முகத்தில் இல்லை. சாப்பிடும்போது தட்டைச் சுற்றி இருக்கும் கிண்ணங்களைச் சம இடைவெளியில் நகர்த்தி வைப்பார். ஒரு நாள் ஆற்றுப் பாலம் பற்றித் தொலைக்காட்சியில் ஏதோ ஓடியது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பக்கம் இறங்கி, லாரி டிரைவர் ஒருவருக்கு இடுப்பு முறிந்த பாலம். சர்வேயர் எழுந்து கை கழுவப் போனார். சாப்பிட்டு முடித்துவிட்டார், அதனால் போனார். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் உத்தரவு கையில் வந்த பிறகு ஒரு மனிதன் கை கழுவுவதைக்கூடச் சும்மா பார்க்க முடியவில்லை. அவர் குற்றவாளியா, சாட்சியா, அல்லது வேறு யாரையோ தேடும்போது வழியில் கிடைத்த பெயரா? எடுத்துக் கொடுத்தவளுக்கு அது எந்தக் காலத்திலும் தெரியாது.

துணிக்கடையில் ஒரு நாள், கண்ணாடி முன் நின்று தோளில் புடவையைப் போட்டுப் பார்த்தபடி, சின்னவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, மனசுல இருக்கிறதைச் சொல்லு. இவர் எனக்குச் சரியா வருவாரா?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் பெரியவள், 'அந்த மனுஷன் உன்னைக் கட்டிக்கிறதே பெரிசு' என்று சொல்லிக் கிள்ளியிருப்பாள். இப்போது, சரி என்றாலும் அது தெரிந்துகொண்டு சொல்வது. யோசி என்றாலும் தெரிந்துகொண்டு சொல்வது.

"உனக்குப் பிடிச்சிருக்கில்ல?" என்றாள்.

சின்னவள் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். நாளெல்லாம் மற்றவர்கள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவள் அவள். "இது பதில் இல்லை. கடைக்காரங்க பேசற பேச்சு" என்றாள். புடவையை மடித்து வைத்துவிட்டு, வேறு கடைக்குப் போகலாம் என்றாள். அன்றிலிருந்து மூன்று முறை வருகிறவள் ஒரு முறை வந்தாள். பெரியவளும் போனை எடுக்கத் தாமதித்தாள்.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவருக்குக் கலவைகளில் ஏதாவது மாறினால் தெரிந்துவிடும். "உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா? நல்ல நேரம் பார்த்தீங்க. கல்யாணம் முடிஞ்சு வச்சுக்கக் கூடாதா?" என்றார்.

"சண்டை எல்லாம் இல்லைங்க."

"அப்ப அதைவிடப் பெரிசு" என்று சொல்லிவிட்டு, மேலே கேட்காமல் துணி மடிக்க உட்கார்ந்தார். கேட்காமல் இருந்ததற்காக அவரை அன்று அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

*

சிவப்பு வட்டம் போட்ட வெள்ளிக்கிழமை வந்தது. ஐந்து மணியோடு தடை முடிகிறது. திங்கள் காலையில் கடிதம் போகும். நாலு பத்துக்குப் பழுப்பு உறை ஒன்று வந்தது. அதே கோப்பு எண். தடையை நீட்டிக்கும் உத்தரவு.

நீட்டிப்பது புதிதல்ல. நீதிபதியிடம் காரணம் காட்டி, இன்னும் இத்தனை நாள் என்று வாங்கி வந்தால் இவர்களும் வட்டத்தை அழித்துத் தள்ளிப் போடுவார்கள். இதில் நீதிபதி கையெழுத்து இருந்தது. காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. முடிவுத் தேதி என்ற இடத்தில் 'மறு உத்தரவு வரும் வரை' என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

இப்படிப்பட்டவை வருடத்துக்கு இருபது வரும். திருப்பி அனுப்ப அச்சடித்த தாளே இருக்கிறது: தேதியில்லாத தடை சட்டப்படி தடையல்ல, சரிசெய்து அனுப்பவும். அந்தத் தாளில் பெரியவள் கையெழுத்துப் போடாத மாதம் கிடையாது. இன்று பேனாவை எடுத்தவள் மூடியைக் கழற்றவில்லை.

தொலைபேசி அடித்தது. விசாரணை அதிகாரி. மரியாதையான குரல், பலமுறை பேசியிருக்கிறாள்.

"மேடம், உறை வந்துச்சுங்களா? தேதி ஒண்ணு விட்டுப்போச்சுன்னு இப்பதான் கவனிச்சேன். ஜட்ஜு கிளம்பிட்டாரு. திங்கக்கிழமை காலையில முதல் வேலையா சரி பண்ணிக் கொடுத்துடறேன். அதுவரைக்கும் கடிதத்தை மட்டும் நிறுத்தி வைங்க."

"அஞ்சு மணிக்கு முன்னால வந்தாத்தான் சார் எடுத்துக்க முடியும்."

"தெரியும் மேடம். உங்க மேலாளரைப் பத்தியும் தெரியும். ஒரு தடவை. ரெண்டு நாள்தானே, அதுவும் லீவு நாள். இதுல என்ன குறைஞ்சிடப் போவுது?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தாள். பதினோரு வருடத்தில் அவள் அந்த அதிகாரியிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதே இல்லை. அவருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்கும்.

யோசிக்க என்ன இருக்கிறது? திருப்பி அனுப்புவதுதான் சரி. ஆனால் சரி என்பதால் அனுப்புகிறேனா, அனுப்பினால் கல்யாணத்துக்கு முன்னால் தங்கைக்குத் தெரியும் என்பதால் அனுப்புகிறேனா? இந்தக் கேள்விக்குப் பயந்து ஏற்றுக்கொண்டால், யாரோ ஒருவருக்குச் செய்கிற நியாயத்தைச் சொந்தக்காரருக்கு மட்டும் செய்யாமல் விட்டதாகும். இரண்டு பக்கமும் அவள் முகமே தெரிந்தது. நாலு இருபத்தைந்து. அவசரம் டீ குடித்துவிட்டு வந்து, அவள் மேசையில் இருந்த உறையின் மேல் பழக்கத்தில் சிவப்பு மையால் 'அவசரம்' என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பெரியவள் உறையை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் போனாள். உட்காரவில்லை. எல்லாவற்றையும் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். தங்கை, மாப்பிள்ளை, தொண்ணூறு நாள், இந்தத் தாள்.

மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "முதல் நாளே ஏன் சொல்லலை?"

"நாலாவது பத்தி மேடம். நிறைவேற்றத் தேவைப்படுறவங்களைத் தவிர..."

"நான் யாரு, தெருவுல போறவளா?"

"நிறைவேற்ற நீங்க தேவைப்படலை மேடம்."

சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒன்று மேலாளர் வாயோரத்தில் வந்து போனது. "முப்பது வருஷம் சட்டம் படிச்சவ நான். இப்படி ஒரு அர்த்தம் எனக்கே தோணாது. உன்னை விலக்கத்தாண்டி அந்த விதி. அதுக்குப் பேரு வெளியிடறது இல்லை, ஒதுங்கிக்கிறது. மூணு மாசம் வீட்டுல எப்படி இருந்தே?"

'டி' என்று அவர் யாரையும் சொல்லி அவள் கேட்டதில்லை. உறையை அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இதை நீ தொடாதே. எனக்கு உன் தங்கச்சியும் தெரியாது, அந்தப் பையனையும் தெரியாது." தாளை இழுத்துப் படித்தார். படித்து முடிக்க அரை நிமிடம் ஆகவில்லை. திருப்பி அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டு, நேரத்தையும் எழுதினார். நாலு முப்பத்தெட்டு. அதிகாரியை அவரே கூப்பிட்டார். "இல்லைங்க. ரெண்டு நாள்னா ரெண்டு நாள்னு எழுதிக்கொண்டு வாங்க, எடுத்துக்கறேன். இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு" என்றார். பிறகு இவளிடம், "திங்கக்கிழமை கடிதத்தை அவசரம் அனுப்புவார். உனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வரும், வாங்கிக்க. அஞ்சு மணி வரைக்கும் உன் வாய் கோர்ட்டோடது. அதுக்கப்புறம் உன்னோடது. யார்கிட்ட என்ன சொல்றதுங்கறதை என்கிட்ட கேக்காதே" என்றார்.

ஐந்து மணி வரை வேறு உறை வரவில்லை. மரச்சாமான் கடைக்காரர் கீழே ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. பெரியவள் நாட்காட்டியில் அந்த வட்டத்துக்குள் ஒரு கோடு போட்டாள்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலமே தங்கைக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. கணக்கு சர்வேயருடையது. சட்டப்படி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர். அவரை விட்டுவிட்டுத் தங்கையின் காதில் போடுவது கோள் சொல்வது. அவரிடம் மட்டும் சொல்லித் தங்கையிடம் மறைப்பது, முடிந்த தடையை இவளே நீட்டிப்பது. சனிக்கிழமை காலை இருவரும் புது வீட்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். அங்கேயே போனாள்.

வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை. தரையெல்லாம் செய்தித்தாள். சர்வேயர் ஏணியில் நின்று மேல் மூலையைப் பூசிக்கொண்டிருந்தார். சின்னவள் தலையில் துணி கட்டிக்கொண்டு, நீளக் கம்பில் மாட்டிய உருளையால் பக்கவாட்டுச் சுவரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். இளநீலம்.

"வாங்க, ஆபீசர். இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் சின்னவள்.

"ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். சேர்த்துச் சொல்லணும்."

நின்றுகொண்டே சொன்னாள். அலுவலகத்துத் தொலைபேசியில் சொல்கிற அதே வரிசையில்: எந்த நாளில், யார் உத்தரவில், என்னென்ன, எவ்வளவு. அப்படிச் சொல்வது தப்பு என்று பாதியிலேயே தெரிந்தது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. சர்வேயர் ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் எடுத்தாங்க, அக்கா?"

சொன்னாள். அவர் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். எண்ணி முடித்ததும் கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எழுதினது?"

"எல்லாம் போயிருக்கும். நான் ஒரு வரிகூடப் படிக்கலை. படிக்கவும் முடியாது."

"படிச்சிருந்தாகூட அக்கா படிச்சான்னு விட்டுடுவேன். யாரோ ஒரு ஆளுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கே." குரல் உயரவே இல்லை. "துணிக்கடையில கேட்டேனே. அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் வெச்ச பேரெல்லாம் இருக்கும் அதுல. இவருக்கு நான் வெச்ச பேரு. கடவுளே. உன்னைப் பத்தித் திட்டி எழுதினதும் இருக்கும்." சட்டென்று ஒரு சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "அதைப் படிச்ச ஆபீசருக்கு நம்ம குடும்பமே அத்துப்படி. கல்யாணத்துக்கு அவரையும் கூப்பிட்டுடலாம்."

உருளையிலிருந்து ஒரு சொட்டு செய்தித்தாளில் விழுந்தது.

"அந்தப் பாலம்தான்" என்றார் சர்வேயர்.

இருவரும் திரும்பினார்கள்.

"ஆத்துப் பாலம். கட்டும்போது அளவு நான்தான் எடுத்தேன். நாலாவது தூண்ல மட்டம் குறைஞ்சிருந்துச்சு. என்ஜினியருக்கு மெயில் போட்டேன். பதில் வரலை. ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு போட்டேன். 'கவனிக்கிறோம்'னு பதில் வந்துச்சு. அந்தத் தேதிக்குள்ளதான் வருது ரெண்டும்."

"அப்ப நல்லதுதானே?" என்றாள் பெரியவள். "நீங்க சொல்லியிருக்கீங்கங்கறதுக்கு அத்தாட்சி அது."

"ரெண்டு தடவை சொன்னேங்கறதுக்கு அத்தாட்சி. அதுக்கப்புறம் சொல்லலைங்கறதுக்கும் அதுவே அத்தாட்சி. குறையுதுன்னு தெரிஞ்சும் எல்லாம் சரின்னு கடைசி அளவுப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டேன்." அவர் கையில் காய்ந்துகொண்டிருந்த நீலத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். "மூணாவது மெயில் எழுதி வெச்சிருந்தேன். அனுப்பலை."

சின்னவள் உருளைக் கம்பைச் சுவரில் சாய்த்தாள். "அந்த டிரைவருக்கு அடிபட்ட அன்னைக்கு நாம போன்ல ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். மண்டபத்தைப் பத்தி."

"ஆமா."

"அப்பவும் சொல்லலை."

"சொல்லலை."

"ஆக, ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு, என்னைச் சுவத்துக்குக் கலர் பார்க்கச் சொல்லியிருக்கீங்க." தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள், நெற்றியில் நீலம் இழுபட்டது. "இவ வாயைக் கட்டினது கோர்ட்டு. அதுக்கும் ஒரு தேதி போட்டாங்க, தேதி முடிஞ்சதும் இவ வந்து நிக்கறா. உன் வாயை யாரு கட்டினா? நீ எந்தத் தேதிக்குச் சொல்றதா இருந்தே?"

அவரை அவள் எப்போதும் 'சர்வேயர் சார்' என்றும் 'நீங்க' என்றும்தான் சொல்வாள். அந்த 'நீ' அந்த வெற்று அறையில் தனியாகக் கேட்டது. தேதி எதுவும் அவர் வைத்திருக்கவில்லை என்பது மூவருக்குமே தெரிந்தது.

"திங்கக்கிழமை கடிதம் வரும்" என்றாள் பெரியவள். "இருபத்தொரு நாள் டைம் இருக்கு. வக்கீல் வெச்சு, சம்பந்தமில்லாத கடிதங்களை எல்லாம் திருப்பிக் கேக்கலாம். இல்லைன்னா நாமளே போய் அந்த மூணாவது மெயில் விஷயத்தைச் சொல்லலாம். ரெண்டும் செய்யலாம்."

"நீ சும்மா இரு. உன்கிட்ட தனியா இருக்கு எனக்கு." சின்னவள் சர்வேயர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எவ்வளவு குறைஞ்சிருந்துச்சு?"

"பதினொரு மில்லிமீட்டர்."

"அது எவ்வளவு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். எழுந்து, இன்னும் பூசாத சுவர்ப் பகுதியில் வரைய ஆரம்பித்தார். ஆற்றுக்கு ஒரு கோடு. ஐந்து தூண். மேலே பாலத்துக்கு ஒரு கோடு. முதல் மூன்று தூணிலும் கோடு நேராகப் போனது. நான்காவதில் பென்சில் நுனி அளவுக்குக் கீழே இறங்கி, மறுபடி ஏறியது. "இவ்வளவுதான். பக்கத்துல நின்னு பார்த்தாத் தெரியாது. மேல பாரம் ஏற ஏற, இந்தச் சின்ன இடத்துக்கே எல்லாம் வரும்" என்றார். இறங்கிய இடத்தின் பக்கத்தில் '11' என்று எழுதினார். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, இரண்டு தேதிகளை எழுதினார். மூன்றாவதாக ஒரு கோடு மட்டும் போட்டு, அதில் எதுவும் எழுதாமல் பென்சிலை இறக்கினார்.

சின்னவள் கிட்டே போய், கடையில் ஒருவர் கண்ணைப் பார்ப்பது போல, அந்த இறங்கிய இடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். என்ன முடிவு செய்தாள் என்று அவள் முதுகிலிருந்து தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள்.

பிறகு அவள் உருளையை எடுத்து டப்பாவில் தோய்த்தாள். ஒரு சின்னப் பிரஷ்ஷை, முகத்தைப் பார்க்காமலே, அக்கா பக்கம் நீட்டினாள். பெரியவள் வாங்கிக்கொண்டு ஓரத்தில் ஆரம்பித்தாள். சர்வேயர் நின்ற இடத்திலேயே நின்றார். நீலம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக, சுவரில் நகர்ந்து வந்தது. பென்சில் படத்துக்கு ஒரு சாண் முன்னால் சின்னவள் உருளையை நிறுத்தினாள். அதற்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, அந்தப் பக்கம் போய் மறுபடி ஒரு முறை. ஐந்து தூணும், இரண்டு தேதியும், எழுதாத கோடும் பூசாத சிமெண்டில் ஒரு ஜன்னல் அளவுக்கு அப்படியே நின்றன. அவற்றைச் சுற்றி நீலம் காய ஆரம்பித்தது.